உலோகக் கூழும் தாங்குபொருளும்

பொன் நீரிற் கரையாது. நீரினும் பத்தொன்பது மடங்கு பாரமுடையதாதலின், அதனை அரைத்துப் பொடியாக்கி நீரிலிட்டாலும் அடியிற் சென்று படிந்துவிடும். பொற்கொல்லர் பட்டறையிற் கழுவுநீரை வீணே ஊற்றிவிடாது தெளியவைத்து அடிமண்டியைச் சேர்த்து வைப்பதும் இவ்வியல்பை அறிந்தேயாம். எனினும் 1857ஆம் ஆண்டளவில் மைக்கேல் பரடே என்னும் ஆங்கில விஞ்ஞானி ஆக்கிய பொன்னீர் இலண்டன் இரோயல் நிறுவகத்திலே கண்ணாடிக் குப்பியில் இன்றும் படியாது செந்நிறத்தோடு விளங்குகின்றது. நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அது படியாமைக்குக் காரணம் யாது என்னும் வினாவிலிருந்து வளர்ந்ததே கூழ்நிலை விஞ்ஞானம் எனலாம்.

அவ்விஞ்ஞானத்தின் அண்மைக்கால உறுப்பொன்று நனோத் திரவம் எனப்படும். ஒரு மீற்றரின் நூறு கோடியில் ஒரு பங்கு நனோமீற்றராகும். நூறு நனோமீற்றருக்குக் குறைந்த உலோகத் துணிக்கைகளை நீரிலோ எண்ணெயிலோ கலந்து, அதனை யந்திரங்களின் வெப்பத்தைக் கொண்டுசெல்லும் திரவமாகப் பயன்படுத்தலாம் என்பது அத்துறையாரின் எண்ணம். இதன் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் உலோகத்தைப் பற்றியும் திரவத்தைப் பற்றியுமே பேசுவர். இவையிரண்டிற்கும் இடையே நின்று, துணிக்கைகளை ஒன்றோடொன்று ஒட்டவிடாது பிரித்து நிறுத்தும் மூன்றாம் பொருள் ஒன்றுண்டு. அது சவர்க்காரம் போன்றதோர் அமிலமாயிருக்கலாம், பிசினாயிருக்கலாம், தேயிலைச் சாயத்திலுள்ள துவர்ப்பாகவும் இருக்கலாம். இக்கட்டுரையில் அது தாங்குபொருள் என வழங்கப்படும். அத்தாங்குபொருள் திரவத்தின் பாகுநிலையை எவ்வாறு மாற்றுகின்றது என்பதும், அதனைக் கருதாமையால் ஆராய்ச்சி உலகில் எழுந்த குழப்பமுமே ஈண்டு எடுத்துக்கொண்ட பொருளாம்.

பாகுநிலை யாதென விளக்குதற்கு நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை. ஒரே அளவான இரு கிண்ணங்களில் ஒன்றில் நீரையும் மற்றொன்றிற் கித்துட்பாணியையும் வைத்துச் சரித்தால், நீர் உடனே ஓடிவிடும். பாணி தயங்கித் தயங்கி இழியும். திரவத்தின் ஓரடுக்கு மற்றோரடுக்கின் மேல் வழுக்கிச் செல்லுங்கால் உண்டாகும் இத்தடையே பாகுநிலை. குழாய்களினூடாகத் திரவத்தை ஓட்டும் பம்பிக்கு இது நேரான செலவு. வெப்பத்தை எவ்வளவு நன்றாகக் கடத்தினும், பாணியைப் போல் ஓடும் திரவத்தை எந்த யந்திரகாரனும் விரும்பான்.

தாங்குபொருளின் பயனை உலகம் விஞ்ஞானிகளுக்கு மிக முன்னரே அறிந்திருந்தது. விளக்குப் புகைக்கரியை வெறும் நீரிற் குழைத்தால் அது திரண்டு கட்டியாகிவிடும். பிசினோ விலங்குப் பசையோ சேர்த்துக் குழைத்தாலோ மையாகித் தூரிகையின் நுனிவழியே இழையாக ஓடும். சீனரும் இந்தியரும் பல நூற்றாண்டுகளாக இம்முறையில் மை செய்தனர். பிசினைச் சேர்த்தால் நீர் தடிப்பாக வேண்டுமென்றே எவரும் எதிர்பார்ப்பர். கரி மிகுந்த குழம்பிலோ அளவான பிசின் ஓட்டத்தை எளிதாக்குகின்றது. அளவு மீறினால் மை இழுபடத் தொடங்குகின்றது. பின்வந்த விஞ்ஞானிகள் கண்ட இருமுகத் தன்மை முழுவதும் இந்த மைக்கூட்டினுள்ளேயே அடங்கியிருந்தது.

பரடேயின் சோதனைக்கு மீள்வோம். அவர் பொற்குளோரைட்டுக் கரைசலைப் பொசுபரசினால் தாழ்த்தி மாணிக்கச் சிவப்பான திரவத்தைப் பெற்றார். அது கரைசலன்று, நுண்ணிய பொற்றுணிக்கைகளின் கூட்டமே என்பதை அதனூடு ஒளிக்கதிரைச் செலுத்திக் கண்டார். அதனிற் சிறிது உப்பைச் சேர்த்ததும் செந்நிறம் நீலமாயிற்று. துணிக்கைகள் கூடிப் பெருக்கத் தொடங்கின. பாகுக்கூழ் போன்ற பசைப்பொருளை முன்னரே கலந்துவிட்டால் உப்பு அவ்வாறு கேடு செய்வதில்லை என்பதையும் அவர் குறித்துச் சென்றார். அக்குறிப்பைப் பற்றிப் பல ஆண்டுகள் எவரும் பெரிதாக எண்ணவில்லை.

நான்கு ஆண்டுகளின் பின், 1861இல், தொமஸ் கிறகாம் என்பவர் இத்தகைய பொருள்களுக்குப் பசையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயரிட்டார். அவர் அக்காலத்தில் இங்கிலாந்தின் நாணயச் சாலைக்கு அதிபராக இருந்தவர் என்பது சுவையான செய்தி. 1901ஆம் ஆண்டில் றிச்சாட் சிக்மொண்டி பரடேயின் குறிப்பை அளவைக்கு உட்படுத்தினார். பத்துக் கனசெந்திமீற்றர் செம்பொற் கூழை, பத்துவீத உப்புக்கரைசலின் ஒரு கனசெந்திமீற்றர் கெடுத்துவிடாது தடுப்பதற்கு எத்தனை மில்லிகிராம் பசைப்பொருள் வேண்டுமென அவர் அளந்தார். இவ்வெண் பொன்னெண் எனப்பட்டது. செலற்றினுக்கு அது ஒரு மில்லிகிராமின் நூறில் ஒரு பங்கு அல்லது அதனிலும் குறைவு. அரபுப் பிசினுக்கு அதன் பன்மடங்கு. உருளைக்கிழங்கு மாப்பொருளுக்கோ ஏறத்தாழ 25 மில்லிகிராம். எல்லாப் பசையும் ஒரு நிகரல்ல என்பது இதனாற் புலனாயிற்று. சிக்மொண்டிக்கு 1925ஆம் ஆண்டுக்குரிய இரசாயன நோபெற் பரிசு கிடைத்தது.

இனிப் பாகுநிலை. திரவத்தில் உருண்டைத் துணிக்கைகள் மிதந்தால் அதன் பாகுநிலை எவ்வளவு கூடும்? அல்பேட் ஐன்ஸ்ரைன் 1905இல் எழுதி 1906இல் வெளியிட்ட கலாநிதிப் பட்டக் கட்டுரையில் இதற்கு விடை கண்டார். துணிக்கைகள் மொத்தக் கனவளவில் நூற்றிலொரு பங்காயின் பாகுநிலையும் நூற்றிலொரு பங்கே கூடும் என்பது அவர் முதலிற் கூறிய விடை. பாரிசில் ஜீன் பெரினின் ஆய்வுகூடத்திற் பணிபுரிந்த பான்சலின் என்பார் இதனைச் சோதித்தார். அவர் எடுத்துக்கொண்ட துணிக்கைகள் ஒருவகை மஞ்சட் பிசினாலானவை; இலங்கைச் சமையலிற் புளிக்குப் பயன்படும் கொறுக்காய் மரத்தின் இனத்தைச் சேர்ந்த மரங்களிலிருந்து வடிவது அப்பிசின். அளவையில் வந்த உயர்வோ ஐன்ஸ்ரைன் சொன்னதன் ஏறத்தாழ நான்கு மடங்கு. ஐன்ஸ்ரைன் தம் மாணவர் லூட்விக் ஹொப் என்பாரைக் கணக்கை மீளப் பார்க்குமாறு பணித்தார். கணக்கிற் பிழை வெளிப்பட்டது. 1911இல் திருத்தம் வெளியாயிற்று: ஒரு வீதத் துணிக்கைக்கு 2.5 வீத உயர்வு. உலகப் பேரறிஞரின் கணக்கையும் ஒரு பிசின்குழம்பு திருத்திற்று என்பது மாணவர் நினைவிற் கொள்ளத்தக்கது.

இவ்விதியில் ஓர் அரிய நுட்பம் உண்டு. துணிக்கை பொன்னாலானதா, பிசினாலானதா, அதன் பருமன் யாது என்னும் எதனையும் அது கேட்பதில்லை. திரவத்தில் எவ்வளவு இடத்தை அது பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதொன்றே கேள்வி. ஆகவே துணிக்கையைப் போர்த்திருக்கும் தாங்குபொருளின் உறையும் அவ்விடக் கணக்கிற் சேர்ந்துவிடும். ஐம்பது நனோமீற்றர் ஆரையுடைய துணிக்கையின்மேல் இரண்டு நனோமீற்றர் தடித்த உறை இருப்பின், அது பிடிக்கும் இடம் எட்டிலொரு பங்கே கூடும். ஐந்து நனோமீற்றர் ஆரையுடைய துணிக்கையின்மேல் அதே உறை இருப்பின், ஐந்துக்கு ஏழு என்னும் விகிதத்தின் கனத்தால் இடம் 2.7 மடங்காகிவிடும். அஃதாவது, துணிக்கை சிறுக்கச் சிறுக்க உலோகத்தைவிட அதன் மேலாடையே பெரும்பகுதியாகின்றது. இது தாங்குபொருளாற் பாகுநிலை கூடும் வழி.

அது குறையும் வழி வேறு. தாங்குபொருள் இல்லாத துணிக்கைகள் ஒட்டிக் கிளைகிளையான திரளைகளாகும். திரளையின் இடுக்குகளில் திரவம் அகப்பட்டு, அதனோடு சேர்ந்தே அசையும். ஆகவே திரளையொன்று தன் உலோகத்தின் கனவளவைவிடப் பல மடங்கான இடத்தைப் பிடித்துக்கொள்கின்றது. தாங்குபொருளைச் சேர்த்ததும் திரளை உடைந்து, சிறைப்பட்ட திரவம் விடுதலை பெறுகின்றது. குழம்பு இளகி ஓடுகின்றது. மின்னேற்றத்தை ஊட்டித் துணிக்கைகளைத் தம்முள் விலக்குவன ஒருவகைத் தாங்குபொருள். நீண்ட மூலக்கூற்று வால்களால் வேலிபோல் நின்று தடுப்பன மற்றொருவகை. பரடேயின் பொற்கூழை உப்புக் கெடுத்தது முதல்வகைக் காவலைக் குலைத்ததனால் என்பதை 1940களில் உருசியரும் ஒல்லாந்தரும் தனித்தனியே வகுத்த கொள்கை விளக்கிற்று.

இவ்விரண்டாவது வழியைத் தொழிலிற் பயன்படுத்திய கதை இலங்கையோடும் ஒருவாறு தொடர்புடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உலோகம் உருக்கும் மூசைகளுக்கு இலங்கைக் காரீயமே சிறந்ததென மதிக்கப்பட்டது. காரீயத்தைப் பிணைப்பதற்குக் களிமண் வேண்டும். அமெரிக்கரான எட்வேட் அச்செசன் என்பார் 1901ஆம் ஆண்டளவில், நல்ல பிணைப்புடைய களிமண்ணைத் தேடி ஆராயும்போது, தாவரச் சாறுகள் களிமண்ணை நுண்ணியதாக்கிக் குழைவு பெறச் செய்வதைக் கண்டார். எகிப்தில் அடிமைப்பட்ட யூதர் செங்கலுக்கு வைக்கோல் சேர்த்தனர் என்னும் விவிலியச் செய்தி அவருக்கு நினைவு வந்தது. வைக்கோற் சாற்றையும், பின்னர்த் துவர்ப்பமிலத்தையும் கொண்டு சோதித்தார். சில ஆண்டுகளின் பின் தாம் மின்னுலையில் ஆக்கிய காரீயத்தை அதே துவர்ப்பமிலத்தோடு நீரில் அரைத்தபோது, வடிதாளினூடும் புகத்தக்க கருநீர் கிடைத்தது. படியாத அக்காரீய நீர் யந்திரங்களுக்கு வழுக்குப் பொருளாக விற்பனைக்கு வந்தது. எகிப்திய வைக்கோற் கதையை வரலாறாகக் கொள்வதா என்பது வேறு. அக்கதையால் அவர் சரியான பொருளைச் சென்றடைந்தார் என்பதே ஈண்டு வேண்டுவது.

உலோகத்தோடு நெருங்கிய அடுத்த படி 1963ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அமெரிக்க விண்வெளி நிறுவனத்தின் கிளீவ்லாந்து ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஸ்ரீபன் பப்பெல், பாரமற்ற விண்வெளியில் ஏவுகணை எரிபொருளைக் காந்தத்தால் இழுத்துச் செலுத்தலாமா என எண்ணினார். இரும்பின் ஒட்சைட்டாகிய மக்னரைற்றை மண்ணெண்ணெய் போன்ற திரவத்தில் ஒலேயிக்கமிலத்தோடு நெடுநாள் அரைத்துக் காந்தத் திரவத்தைப் பெற்றார். ஒலேயிக்கமிலம் ஒலிவ எண்ணெயில் மிகுதியாயுள்ள கொழுப்பமிலம். அதன் ஒரு முனை துணிக்கையைப் பற்ற, மறுமுனையாகிய வால் எண்ணெயினுள் நீண்டு நிற்கும். அந்த அமிலமின்றேல் காந்தத் துணிக்கைகள் ஒன்றையொன்று இழுத்து அடிமண்டியாகியிருக்கும்.

நனோத் திரவம் என்னும் பெயர் 1995இல் சிக்காகோவுக்கு அண்மையிலுள்ள ஆகொன் தேசிய ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஸ்ரீபன் சோய் என்பவரால் வழங்கப்பட்டது. செம்பின் வெப்பக் கடத்தாறு நீரினதைவிட அறுநூறு மடங்களவினது. ஆகவே சிறிது செம்பைச் சேர்த்தாலும் நீர் நன்கு கடத்துமென்பது அவர் கருத்து. 2001இல் அவ்வாய்வுகூடத்தார் எதிலீன் கிளைக்கோலிற் செம்புத் துணிக்கைகளை நூற்றுக்கு 0.3 பங்கே கலந்து, கடத்தாறு 40 வீதம்வரை உயர்ந்ததென அறிவித்தனர். அவ்வுயர்ந்த அளவு, தயோகிளைக்கொலிக் கமிலம் என்னும் தாங்குபொருள் சிறிது சேர்த்த மாதிரியிலேயே கிடைத்தது. உலகம் 40 என்னும் எண்ணைப் பற்றிக்கொண்டது, அமிலத்தை மறந்தது.

பாகுநிலையைப் பற்றிய எச்சரிக்கை அதற்கு முன்னரே கிடைத்திருந்தது. 1998இற் பக், சோ என்னும் இருவர் அலுமினியம் ஒட்சைட்டையும் தைத்தேனியம் ஈரொட்சைட்டையும் தனித்தனி நீரிற் கலந்து, கலவையின் அமிலத்தன்மையை மாற்றித் துணிக்கைகளை நிறுத்தி அளந்தனர். நூற்றுக்குப் பத்துப் பங்குச் செறிவில், ஐன்ஸ்ரைன் விதிப்படி பாகுநிலை நீரின் ஒன்றேகால் மடங்காதல் வேண்டும். தைத்தேனியக் கலவை மூன்று மடங்காயிற்று. அலுமினியக் கலவையோ ஏறத்தாழ 200 மடங்காயிற்று. துணிக்கையளவு ஒன்றே, பிடித்த இடம் வேறு. மூன்று வீதக் கலவையை நீரோடு ஒரே வேகத்தில் ஓடவிட்டபோது, வெப்பத்தைக் கைமாற்றும் திறன் நீரைவிடப் பன்னிரண்டு வீதம் தாழ்ந்தது. கடத்தாறு கூடியும் பயன் குறைந்தது என்பதே இதன் பொருள். 2006இல் அமெரிக்காவிற் பிறஷர் முதலியோர் இதற்கோர் எல்லை வகுத்தனர்: கடத்தாற்றின் உயர்வுபோல் நான்கு மடங்குக்கு மேல் பாகுநிலை உயருமாயின் திரவம் நட்டத்திற்குரியதாகும்.

தமிழ்நாட்டின் பங்கு இக்கட்டத்திலே சிறப்புப் பெறுகின்றது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் யந்திரப் பொறியியலைச் சேர்ந்த சரித் குமார் தாஸ், சுந்தரராஜன் முதலியோரும் இரசாயனத்தைச் சேர்ந்த பிரதீப்பும் ஒருங்குகூடி, 2003இற் பொன், வெள்ளி ஆகிய தூய உலோகங்களின் நனோத் திரவங்களை ஆராய்ந்து வெளியிட்டனர். ஒரே பொன்னை இருவகையாகத் தாங்கவைத்தனர். சித்திரேற்று என்னும் சிறிய அயன்களால் நீரில் நிறுத்தப்பட்ட பொன், மிகச் சொற்பமான அளவிலேயே, 30 முதல் 60 பாகை வெப்பநிலையிற் கடத்தாற்றை 5 முதல் 21 வீதம்வரை உயர்த்தியது. பதினெட்டுக் காபன் அணுக்கள் கொண்ட நீண்ட தயோல் வால்களாற் போர்த்த பொன்னோ, 0.011 வீதச் செறிவிலும் 7 முதல் 14 வீதமே உயர்த்தியது. இவ்வெண்களை அப்படியே ஏற்பதா என்பது பின்னர்ப் பெரும் வாதமாயிற்று. ஆயினும் தாங்குபொருளைத் தலைப்பிலேயே வைத்து, உறையுள்ள துணிக்கை, உறையற்ற துணிக்கை என வேறுபிரித்து எழுதியமை அவ்வறிக்கையின் உண்மையான சிறப்பு. அக்காலத்துப் பிற அறிக்கைகள் பலவற்றில் இந்நிதானம் இல்லை.

கல்பாக்கத்து இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி நிலையத்தில் ஜோன் பிலிப் முதலியோர் வேறொரு வழியைப் பின்பற்றினர். போர்வையிட்ட மக்னரைற்றுத் துணிக்கைகளைக் கொண்ட திரவத்தைக் காந்தப்புலத்தில் வைத்தபோது, துணிக்கைகள் சங்கிலியாகக் கோத்து நின்று, 6.3 வீதச் செறிவிற் கடத்தாறு நான்கு மடங்காயிற்று என 2007இல் அறிவித்தனர். புலத்தை நீக்கினால் சங்கிலி கலைந்துவிடும்; கலைவதற்குக் காரணம் போர்வையே. இங்கே கடத்தாற்றை உயர்த்துவது எதுவோ, அச்சங்கிலியே ஓட்டத்தையும் தடுக்கும் என்பதை மறத்தலாகாது. வெப்பத்துக்கு வழி அமைப்பதும் திரவத்துக்கு வழி மறிப்பதும் ஒரே கட்டமைப்பு.

2009ஆம் ஆண்டில் ஒரு பெருஞ்சோதனை நடைபெற்றது. மசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தைச் சேர்ந்த புவொன்ஜோர்னோ தலைமையில், முப்பதுக்கு மேற்பட்ட ஆய்வுகூடங்கள் ஒரே மாதிரிகளைத் தத்தம் கருவிகளால் அளந்தன. அற்புத உயர்வு எதுவும் காணப்படவில்லை. மக்ஸ்வெல் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வகுத்த கொள்கையின் வழிவந்த சமன்பாடுகளுக்குள்ளேயே அளவைகள் அடங்கின. இதனால் முந்தைய ஆய்வாளர் யாவரும் தவறிழைத்தனர் என முடிவுகட்டுதல் அவசரமாகும். நன்கு தாங்கப்பட்ட மாதிரி ஒன்று. அரைகுறையாகத் திரண்ட மாதிரி மற்றொன்று. ஒரே செம்பு, ஒரே செறிவு, ஒரே பெயர். ஆயினும் இரண்டும் வெவ்வேறு திரவங்கள். தாங்குபொருளின் வகையும் அளவும் குறிக்கப்படாத அறிக்கை, உப்பின் அளவு சொல்லாத சமையற் குறிப்பைப் போன்றது.

அளவின் பேதம் சிறிதன்று. நீண்ட சங்கிலிப் பிசின் மிகக் குறைவாக இருப்பின், ஒரே சங்கிலி இரு துணிக்கைகளைப் பற்றிப் பாலமாகி அவற்றைத் திரட்டிவிடும். போதியதாக இருப்பின் ஒவ்வொரு துணிக்கையும் தன் உறையோடு தனித்து நிற்கும். பாகுநிலை தாழ்ந்து நிற்பது இந்நிலையிலேயே. மிகுந்துவிடின் மேற்பரப்பில் இடமின்றி எஞ்சியது திரவத்தில் அலைந்து அதனையே தடிப்பாக்கும். அன்றியும் துணிக்கைகளுக்கு இடையிலிருந்து அச்சங்கிலிகள் வெளியேறுவதால் அவை மீண்டும் நெருக்கப்பட்டுக் கூடும். இப்பிந்திய விளைவை 1954இல் அசகுரா, ஊசவா என்னும் யப்பானியர் விளக்கினர். வெப்பமும் ஒரு பகையாகும். சூடான குழாய்களிற் பலநாள் ஓடுங்கால் தாங்குபொருள்கள் சில சிதைந்து துணிக்கையை விட்டு நீங்கும். சவர்க்கார வகையினவோ நுரைத்துப் பம்பிக்குத் தொல்லை தரும். வெப்பத்தைச் சுமக்கவென்றே ஆக்கிய திரவத்திற்கு வெப்பமே பகையாவது ஒரு முரண்.

2009ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் மிசூரிப் பல்கலைக்கழகத்தார் வேறொரு செய்தியை வெளியிட்டனர். பொன்னுப்புக் கரைசலில் தேயிலைச் சாற்றைச் சேர்த்ததும், வேறு எப்பொருளும் வேண்டாமல், பொற்றுணிக்கைகள் தோன்றி நிலைத்து நின்றன. தேயிலையின் துவர்ப்புப் பொருள்களே பொன்னுப்பைத் தாழ்த்தவும், பின் துணிக்கையைப் போர்த்துத் தாங்கவும் செய்தன. பரடேக்குப் பொசுபரசும் பசையும் தனித்தனி வேண்டியிருந்தன. இங்கே ஒரு குவளைச் சாயம் இரு தொழிலையும் புரிந்தது. தேயிலையின் துவர்ப்பும் அச்செசன் கையாண்ட துவர்ப்பமிலமும் ஒன்றல்ல. எனினும் கலிக்கமிலக் கூறு என்னும் உறுப்பு இரண்டிலும் உண்டு. துணிக்கையின் மேற்பரப்பைப் பற்றுவதில் அக்கூறுக்குப் பெரும்பங்குண்டு.

புசல்லாவையிற் பிறந்து வளர்ந்தோர்க்கு இச்செய்தியில் ஒரு தனிச்சுவை உண்டு. 1841ஆம் ஆண்டளவில் வேர்ம்ஸ் சகோதரர் சீனத்திலிருந்து கொண்டுவந்த தேயிலைக் கன்றுகளை நட்டது இங்குள்ள இறொத்சைல்ட் தோட்டத்திலேயாம். லூல்கந்துரையில் ஜேம்ஸ் தெயிலர் 1867இல் தேயிலை பயிரிட்டதற்கு அது கால் நூற்றாண்டு முந்தியது. கோப்பி நோயால் அழிந்தபின் தேயிலை மலைநாட்டை மூடிற்று. தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக அக்கொழுந்தைக் கிள்ளினர். நல்ல சாயமுள்ள தேநீர் ஆறும்போது கலங்குவதை அவர்கள் வீடுதோறும் கண்டிருப்பர். அதுவும் ஒரு கூழ்நிலை விளைவே: துவர்ப்புப் பொருளும் கபேயினும் பிணைந்து நுண்டுணிக்கைகளாகத் திரள்வதால் வருவது. சூடாக்கினால் அவை பிரிந்து தெளியும். தாங்குதலும் திரளுதலும் வெப்பநிலையோடு மாறுவதைக் காண்பதற்கு இதனினும் எளிய சோதனை வேறில்லை.

2008இல் நிறுவப்பட்ட இலங்கை நனோதொழில்நுட்ப நிறுவகம் நாட்டின் காரீயத்திலிருந்து மெல்லிய காபன் ஏடுகளைப் பெறும் ஆராய்ச்சியில் ஈடுபட்டது. அவ்வேடுகளும் நீரில் தாமாக நில்லா. ஒன்றன்மேலொன்று படிந்து மீண்டும் காரீயமாக முயலும். துவர்ப்பமிலம் அவற்றையும் பிரித்து நிறுத்தவல்லது எனப் பிறநாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. போகலவிலும் கஹட்டகஹவிலும் காரீயம் அகழப்படுகின்றது. புசல்லாவையிலும் அயல் மலைகளிலும் துவர்ப்பு விளைகின்றது. தேயிலைத் தொழிற்சாலைகளிற் கழிவுத் தூளும் உண்டு. கல்லூரி ஆய்வுகூடத்தில் இதனைச் சோதிக்க விரும்பும் மாணவர்க்கு விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. நுண்ணிய கண்ணாடிக் குழாயொன்றும் நிறுத்தற் கடிகாரமொன்றும் போதும். காரீயத்தின் அளவை மாற்றாது சாயத்தின் அளவை மட்டும் சிறிது சிறிதாகக் கூட்டி, ஒவ்வொரு முறையும் திரவம் குழாயைக் கடக்கும் நேரத்தைக் குறித்து வந்தால், அது முதலிற் குறைந்து, ஓரிடத்தில் நின்று, பின்னர் ஏறுவதைக் காணலாம். அந்நேரத்தோடு சாயத்தின் செறிவையும் நீரின் வெப்பநிலையையும் தவறாது எழுதிவைத்தல் வேண்டும்.